நின்ற நிமிடங்களின் கணக்கு

மார்ச் 4, செவ்வாய்.

இன்றைய தவறு: பேட்டரி காரின் செலவை அந்தக் காரின் திரையைப் பார்த்தே எழுதிவிட்டேன். நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்கிறது திரை. சுவர் மீட்டரைப் பார்த்தால் 17.5 யூனிட் போயிருக்கிறது. மீதி இரண்டரை யூனிட் சார்ஜ் ஏறும்போதே சூடாகிப் போய்விட்டது. கார் தன் கைக்கு வந்து சேர்ந்ததை மட்டும்தான் சொல்லும். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மூன்று கார்களையும் ஒப்பிட்ட அட்டவணை நேற்றே முதலாளி மேடத்திடம் போய்விட்டது. சின்னத் தவறுதான். ஆனால் சின்னது ஒன்று இருந்தால் பெரியதும் ஒன்று இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இதை எழுதியவளுக்குச் சந்தேகம் உடன்பிறப்பு மாதிரி. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்ததை எழுதியும் வைப்பாள். அதனாலேயே டிரைவிங் ஸ்கூலில் எல்லோருக்கும் அவள் 'டைரி' ஆகிப்போனாள். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

பகலில் அந்த டிரைவிங் ஸ்கூலின் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பாள், மாணவர்களுக்கு நேரம் ஒதுக்குவாள், சாவிகளை ஆணியில் மாட்டுவாள். வாரத்தில் இரண்டு நாள் மாலை வகுப்பு: வாகனத் தொழில்நுட்பம். அங்கே வாத்தியார் ஒரு விதி வைத்திருந்தார். எல்லோரும் நோட்டு எழுத வேண்டும். அன்றைய தவறில் தொடங்கி, மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும். தங்களிடம் எழுதும் அளவுக்குத் தவறுகள் இல்லையே என்று மற்றவர்கள் திண்டாடினார்கள். டைரிக்கு ஒரு பக்கம் போதவில்லை.

இந்தப் பருவத்துக்கு வாத்தியார் கொடுத்த வேலை, கைக்கெட்டும் தூரத்தில் உள்ள மூன்று விதமான கார்களை அளந்து ஒப்பிடுவது. மற்றவர்கள் காருக்கு எங்கே போவது என்று முழித்தபோது டைரிக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஸ்கூலில் மூன்று கார்கள் இருந்தன. மூன்றும் கியர் இல்லாதவை. கியர் பழக வேண்டியவர்கள் அடுத்த தெருவில் உள்ள ஸ்கூலுக்குப் போவார்கள். முதலாளியம்மா ஓட்டுவது பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட். முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்ததால் டீச்சரக்கா என்று பெயர் பெற்றவள் ஓட்டுவது முழு பேட்டரி கார். மூன்றாவது, கேஸில் ஓடும் கிழட்டுக் கார். அது பிரேக் மாமாவுடையது.

பிரேக் மாமா டைரிக்கு நிஜமாகவே மாமா, அம்மாவின் தம்பி. ஊருக்கும் அவர் மாமாதான், முதலாளியம்மாவுக்கு மட்டும் அண்ணா. மாணவர் உட்காரும் பக்கம் ஒரு பிரேக் இருக்கும். சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொன்று இருக்கும். பதினாறு வருடமாக அந்த இன்னொன்றை மிதித்து மிதித்து அவருடைய வலது செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். டைரியை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் டைரி நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதலாளியம்மாவின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"மேடம், நேத்து குடுத்த அட்டவணையில ஒரு தப்பு."

முதலாளியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எவ்வளவு பெரிய தப்பு?"

"ரெண்டரை யூனிட்."

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல மேடம்."

"அப்ப சிவப்பு மையில திருத்திட்டுப் போய் வேலையப் பாரு."

டைரி திருத்தினாள். போகத்தான் திரும்பினாள். ஆனால் முதலாளியம்மா அட்டவணையைத் தன் பக்கம் இழுத்து ஒரு பத்தியின் மேல் விரலை வைத்தார்.

"நல்லா பண்ணியிருக்க. மூணு தடவை படிச்சேன். கேஸ் காருக்கு இந்த மாசத்தோட ஓய்வு. என்னுது மாதிரியே இன்னொரு ஹைபிரிட் வாங்கப் போறேன். ஆனா இதப் பாரு. கேஸ் கார் நூறு கிலோமீட்டருக்குப் பதினாலு லிட்டர் குடிக்குது. கம்பெனி புத்தகத்துல ஒன்பதரைன்னு போட்டிருக்கான். மீதி நாலரை லிட்டர் எங்க போச்சு?"

"தெரியல மேடம்."

"நீயேதான் எழுதியிருக்க." விரல் நகர்ந்து நின்ற இடத்தில் 'ஓட்டியவர்' என்ற தலைப்பு இருந்தது. அதன் கீழே, கடைசி வரிசையில், டைரியின் முத்து முத்தான கையெழுத்தில்: மாமா.

"அது சும்மா விவரத்துக்குப் போட்டது மேடம். எல்லாத்தையும் குறிச்சு வைக்கணும்னு வகுப்புல சொன்னாங்க."

"நானும் விவரத்துக்காகத்தான் படிச்சேன். வண்டி மட்டும் பழசாகல, ஓட்டறவருக்கும் கால் கனமாயிடுச்சு. வர்ற திங்கள்லேர்ந்து அண்ணா பின் ரூம்ல சாலை விதி பாடம் எடுக்கட்டும். புது வண்டிக்குப் புது ஆள் பார்த்துக்கலாம். அண்ணாவ நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

டைரி குனிந்து அட்டவணையைப் பார்த்தாள். அந்தப் பத்தியைக் கோடு போட்டுத் தனியாகப் பிரித்தவள் அவள்தான். ஸ்கேல் வைத்து.

மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டு நின்ற இடத்திலேயே தலையைச் சொறிந்தார். பிறகு, "சாலை விதி போர்டுக்குக் கீழ எனக்கு ஒரு பிரேக் வெச்சுத் தருவீங்களா மேடம்? கால் சும்மா இருந்தா பழக்கமில்ல," என்றார். முதலாளியம்மா சிரித்தார். டீச்சரக்கா சிரிக்கவில்லை.

வெளியே போன மாமா காரிலிருந்து தன் முதுகு மெத்தையை எடுத்து வந்தார். சதுரமானது, நீல நிறம், நடுவில் அவருடைய முதுகின் அச்சு பள்ளமாகப் பதிந்திருந்தது. அதைப் பின் அறையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, சாய்ந்து பார்த்து, எழுந்து, இன்னொரு தடவை சாய்ந்து பார்த்தார். பிறகு முன்னறைக்கு வந்து அட்டவணையைக் கையில் எடுத்தார்.

"மருமகளே, பேட்டரி கார்ல புகையே இல்லன்னு எழுதியிருக்கியா?"

"இல்ல மாமா. நூறு கிலோமீட்டருக்கு எட்டே முக்கால் கிலோ. கரண்ட் தயாரிக்கற இடத்துல வர்ற புகை. அதையும் சேர்க்கணும்."

"அப்ப சரி. அதுக்கும் புகைக்குழாய் இருக்கு. என்னுதவிடக் கொஞ்சம் நீளம், ஊருக்கு வெளிய போய் முடியுது." அட்டவணையைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். "எனக்கு?"

"இருபத்திரண்டு கிலோ, நானூறு கிராம்."

"கிராம் வேறயா. அடியில என் பேரு, மேல உன் கையெழுத்து. நல்லா அழகா எழுதியிருக்க, போ."

அவர் அதை எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் டைரிக்கு வசதியாக இருந்திருக்கும்.

அன்று மாலை வகுப்பில் ஹைட்ரஜன் காரைப் பற்றிப் பாடம் நடந்தது. மற்றவர்கள் படம் வரைந்துகொண்டிருந்தபோது டைரி நோட்டின் ஓரத்தில் 'நாலரை லிட்டர்' என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் என்று போட்டுக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். தெரியாததை எழுதக்கூடாது, பார்த்துத்தான் எழுத வேண்டும். நாளை மதியம் தனக்குச் சாப்பாட்டு நேரம் இருக்கிறது. மாமாவின் காரில் பின்சீட்டும் இருக்கிறது.

புதன்கிழமை பன்னிரண்டரை மணிக்கு அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கடிகாரத்தையும் நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்ட வந்தவர் ஒரு பல் டாக்டர். ஐம்பது வயதுப் பெண்மணி. நாள் முழுக்க அடுத்தவர்களைப் பார்த்து "பயப்படாதீங்க, வலிக்காது" என்று சொல்லியே சம்பாதிப்பவர். ஸ்டியரிங்கைத் தொட்டதும் அவருக்கே யாராவது அதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஓட்டுநர் தேர்வில் நான்கு முறை தோற்றிருந்தார்.

"பின்னால யாரு?" என்றார் டாக்டர், கண்ணாடியில் பார்த்து.

"நம்ம மருமகதான். என்னை அளக்க வந்திருக்கா. நீங்க கண்டுக்காதீங்க," என்றார் மாமா. என்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் அவர் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். "எடுங்க டாக்டர். மெதுவா. இன்னும் மெதுவா. இது மெதுவா இல்ல டாக்டர், இது நிக்கறது."

கார் நகர்ந்தது. முதல் சந்திப்பு வந்தது. எதிரே வரும் வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டும். டாக்டர் மூச்சை இழுத்துப் பிடித்தார். மாமாவின் செருப்பு இறங்கியது. கார் குலுங்கி நின்றது.

"ஓரமா நிறுத்திக்கலாம்," என்றார் மாமா. "ஒண்ணும் அவசரமில்ல. நேத்து எத்தனை பல் புடுங்கினீங்க?"

"மூணு."

"முதல் பல் புடுங்கினப்ப கை நடுங்கிச்சா?"

"நடுங்கிச்சு. அந்த ஆளும் நடுங்கினாரு. ரெண்டு பேரும் சேர்ந்து நடுங்கினதால கொறடு நேரா நின்னுச்சு."

டாக்டர் சிரித்தார். அதற்கு ஏழு நிமிடம் பிடித்தது. டைரி எழுதினாள்: 12.41 முதல் 12.48 வரை நிறுத்தம். என்ஜின் ஓடுகிறது. ஏசி ஓடுகிறது.

இன்னொரு முயற்சி. இன்னொரு குலுக்கல். இந்தத் தடவை ஒன்பது நிமிடம். டைரிக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, நிக்கறப்ப என்ஜின நிறுத்தக்கூடாதா?"

"நிறுத்தலாம். அப்புறம் யாரு ஸ்டார்ட் பண்றது?" மாமா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "நிறுத்தினா இவங்க முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இவங்களுக்குக் கஷ்டமே ஆரம்பிக்கறதுதான். ஓடிட்டிருந்தா, பாதி ஆரம்பிச்ச மாதிரி."

"உண்மைதான்," என்றார் டாக்டர்.

ஐம்பது நிமிடம் முடிந்து கார் ஸ்கூலுக்கு வந்தபோது டைரியின் மடியில் ஒரு கூட்டல் இருந்தது. நின்ற நேரம் இருபத்தொரு நிமிடம். ஓடிய தூரம் ஆறே கிலோமீட்டர்.

அவள் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். கார் குடித்திருக்கிறது, ஆனால் நடக்கவில்லை. நூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்தால், நின்றுகொண்டு குடித்ததெல்லாம் அந்தக் கொஞ்சம் கிலோமீட்டர்களின் தலையில்தான் விழும். புத்தகத்தில் ஒன்பதரை என்று போட்டவன் காரில் பல் டாக்டர் இல்லை.

அதோடு இன்னொன்றும் உறைத்தது. ஸ்கூலுக்கு முதல்முறையாக வருபவர்கள், தோற்றுத் தோற்றுத் திரும்பி வருபவர்கள், எல்லோரும் மாமாவிடம்தான் போவார்கள். ஓரளவு பழகியவர்கள் டீச்சரக்காவிடம். தேர்வுக்கு முந்தைய வாரம், நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக வேண்டியவர்கள், முதலாளியம்மாவிடம். மாணவர்களுக்கு நேரம் ஒதுக்கி அந்தப் பட்டியலைப் போடுபவளே டைரிதான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே அவள் அதை எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு காரையும் ஒரே ஆள், ஒரே வகை மாணவர்களோடு ஓட்டியிருக்கிறார். அவள் மூன்று கார்களை அளக்கவில்லை. மூன்று விதமான பயத்தை அளந்திருக்கிறாள்.

அன்றைய நோட்டில் தவறு என்ற தலைப்பின் கீழ் ஒன்றரைப் பக்கம் ஆனது.

வியாழக்கிழமை காலை அவள் மறுபடியும் அதே மேஜை முன்னால் போய் நின்றாள்.

"மேடம், அட்டவணையில ஒரு தப்பு."

"இந்தத் தடவை எத்தனை யூனிட்?"

"முழு அட்டவணையும்."

முதலாளியம்மா பேனாவைக் கீழே வைத்தார். டைரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு இடத்தை மட்டும் நோட்டைப் பார்த்தே படித்தாள். அது ஹைபிரிட் காரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம்.

"கொஞ்சம் இரு," என்றார் முதலாளியம்மா. "என் கார் நாலே முக்கால் லிட்டர்ல ஓடறது எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்கறதால இல்ல. என் மாணவர்கள் நிக்காம ஓட்டறதால. அதத்தான சொல்ற?"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் மேடம். இல்லாமலும் இருக்கலாம். தெரியல. அளந்தாத்தான் தெரியும்."

"உங்க மாமா எழுதிக் குடுத்தாரா இத?"

"மாமாவுக்குத் தெரியாது. அவரு நாற்காலிக்கு மெத்தைய எந்தப் பக்கம் வைக்கறதுன்னு பார்த்துட்டிருக்காரு."

முதலாளியம்மா ஜன்னல் வழியாகத் தன் வெள்ளை ஹைபிரிட்டைப் பார்த்தார். அவருக்கு அந்த நாலே முக்கால் மேல் தனிப் பாசம். வருபவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருந்தார்.

"ஒரு வாரம் தர்றேன். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும். ஆளுக்கு ரெண்டு நாள் ஒரு கார்னு மூணு பேரும் மாறி மாறி எடுப்போம். உன் பல் டாக்டர என்கிட்ட அனுப்பு. பயந்தவங்களுக்கு எப்படிச் சொல்லிக்குடுக்கணும்னு நான் காட்டறேன். ஆனா உன் கணக்கு மறுபடியும் இதே மாதிரி வந்தா, அண்ணா பின் ரூம்தான். அப்புறம் மூணாவது தப்போட வந்து நிக்கக்கூடாது."

"சரி மேடம்," என்றாள் டைரி. அப்போதே மூன்றாவது தவறு எதுவாக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

திங்கள்கிழமை கேஸ் காரில் பல் டாக்டரோடு முதலாளியம்மா கிளம்பினார். கடைசியாக அவர் ஒரு புதியவருக்குச் சொல்லிக்கொடுத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. ஐம்பது நிமிடத்தில் திரும்ப வேண்டியவர்கள் எழுபது நிமிடம் கழித்து வந்தார்கள். முதலாளியம்மா இறங்கி வந்து ஒரு முழு பாட்டில் தண்ணீரைக் குடித்தார். கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"என்ன மேடம், கால் கனமாயிடுச்சா?" என்றார் மாமா, மிகுந்த மரியாதையோடு.

"அந்தப் பிரேக் ரொம்பக் கீழ இருக்கு."

"பதினாறு வருஷத்துல இறங்கினது மேடம்."

டைரி நிறுத்த நேரத்தைக் குறித்தாள்: முப்பத்திரண்டு நிமிடம். இரண்டு நாளும் அதே பம்ப், அதே குழாய், அதே அளவுக்கு நிரப்பல். செவ்வாய் மாலை வகுத்துப் பார்த்தாள். நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்தரை லிட்டர். மாமாவைவிட ஒன்றரை அதிகம். எண் தப்பாக இருக்குமோ என்று நான்கு தடவை வகுத்தாள். நான்கு தடவையும் அது பிடிவாதமாகப் பதினைந்தரையாகவே வந்தது.

அந்த இரண்டு நாளும் மாமா முதலாளியம்மாவின் ஹைபிரிட்டில், தேர்வுக்குத் தயாரான ஒரு வங்கி ஊழியரோடு நெடுஞ்சாலையில் போய்வந்தார். நூறு கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர்கூட ஆகவில்லை. "அந்தப் பையன் நல்லா ஓட்டறான்," என்று மாமா குறைப்பட்டுக்கொண்டார். "பேச்சுக் குடுக்கவே இடமில்ல. தூக்கம் வந்துச்சு."

புதன்கிழமை மாமா பேட்டரி காரில் ஏறினார். இதுநாள் வரை அதை அவர் பொம்மை என்றுதான் சொல்லிவந்தார். டாக்டர் ஸ்டியரிங் பக்கம், டைரி பின்சீட்டில். டீச்சரக்கா ஜன்னல் அருகே குனிந்து, "மாமா, ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்தாலே இது தானா வேகம் குறையும். அப்ப பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்ட் திரும்பிப் போகும். நீங்க ஓங்கி மிதிச்சீங்கன்னா அது பிரேக் கட்டையத் தேய்ச்சுச் சூடாத்தான் போகும். பார்த்து," என்றாள்.

"அப்ப எனக்கு இங்க என்ன வேலை?"

"பேசுங்க," என்றாள் டீச்சரக்கா.

சந்திப்பு வந்தது. டாக்டர் மூச்சை இழுத்தார். பயத்தில் காலைத் தூக்கினார். கார் குலுங்காமல், பெரிய மனிதர் தயங்குவதுபோல், தானாக மெதுவானது. மாமாவின் செருப்பு வழக்கப்படி பெடலுக்கு மேலே போய், மிதிக்க எதுவும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது.

"ஓரமா நிறுத்திக்கலாம் டாக்டர். நேத்து எத்தனை பல்லு?"

"ஏன் கத்தறீங்க?" என்றார் டாக்டர்.

மாமா வாயை மூடினார். காருக்குள் எந்தச் சத்தமும் இல்லை. வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்தது. பதினாறு வருடமாக என்ஜினோடு போட்டி போட்டுப் பழகிய குரல் அந்த அமைதியில் நிஜமாகவே பெரிதாக இருந்தது.

"நான் எப்பவுமே இப்படித்தானே பேசறேன்," என்றார், பாதிக் குரலில்.

"எப்பவுமே நீங்க திட்டறீங்கன்னு நினைச்சேன்."

"நானா? திட்டறேனா?" மாமா திரும்பி டைரியைப் பார்த்தார். டைரி நோட்டைப் பார்த்தாள்.

"இப்ப நல்லாயிருக்கு," என்றார் டாக்டர். "கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டுப் பேசலாம்."

"ஆஃப் பண்ணல டாக்டர். வண்டி ஆன்லதான் இருக்கு."

டாக்டர் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார், உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு மெல்லக் காலை வைத்தார். ஆரம்பிக்க வேண்டிய எதுவும் அங்கே இல்லை. கார் போனது. எதிரே வந்த வண்டிகள் கடந்தன, டாக்டர் திரும்பினார். மாமாவின் கால் அந்தரத்திலேயே இருந்தது. திரும்பி முடித்த பிறகுதான் மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

"ஹைட்ரஜன் கார்னு ஒண்ணு இருக்காமே," என்று திரும்பும் வழியில் மாமா கேட்டார், சாதாரணக் குரலில் பேசிப் பழகும் சாக்கில். "உன் வகுப்புல சொன்னாங்களா? தண்ணிதான் வெளிய வருமாம்."

"வரும் மாமா. ஆனா கரண்ட்ட வெச்சு ஹைட்ரஜன் செஞ்சு, அத அழுத்தி அடைச்சு, கார்ல மறுபடியும் கரண்ட்டா மாத்தணும். வகுப்புல சொன்ன கணக்குல நூறுல முப்பதுதான் சக்கரத்துக்கு வருது. இதுல எழுபத்தஞ்சு வரும்."

"ஒரு டீய நாலு டம்ளர் மாத்தி ஊத்தற மாதிரி. கடைசியில குடிக்கறவனுக்கு அரை டம்ளர், மேஜைக்கு மீதி."

டைரி அதையும் எழுதிக்கொண்டாள். வாத்தியாருக்குப் பிடிக்கும்.

நிறுத்தங்கள் குறையவில்லை, டாக்டர் டாக்டர்தான். ஆனால் நிற்கும் நேரத்தில் இந்தக் காரில் செலவானது ஏசிக்கும் விளக்குக்கும் மட்டும்தான். சுவர் மீட்டரில் எழுதி வகுத்தபோது நூறு கிலோமீட்டருக்கு இருபது யூனிட் வந்தது. டீச்சரக்காவின் பதினேழரையிலிருந்து கொஞ்சம்தான் ஏறியிருந்தது. அதே டாக்டரை டீச்சரக்கா வெள்ளியும் சனியும் ஹைபிரிட்டில் கூட்டிப்போனாள். அது நின்றால் என்ஜினை அணைத்துக்கொள்ளும். ஆனால் ஏசிக்காகக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உறுமி எழுந்துவிடும். ஒவ்வொரு உறுமலுக்கும் டாக்டர் துள்ளினார். முதலாளியம்மாவின் செல்ல நாலே முக்கால் ஏழு லிட்டரில் போய் நின்றது.

பதினேழாம் தேதி திங்கள்கிழமை, வகுப்பில்லாத நாள். நாலு மணிக்கு எல்லோரும் முன்னறையில் கூடினார்கள். டைரி புதிய அட்டவணையை மேஜையில் விரித்தாள். அது சுருளாமல் இருக்க ஓரத்தில் ஸ்கேலை வைத்தாள்.

முதலாளியம்மா நேரே கேஸ் கார் வரிசைக்குப் போனார். மாமா, பதினாலு. டீச்சரக்கா, வேறு புதியவர்களோடு, பதினாலேகால். கடைசியில் இருந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"பதினஞ்சரை," என்று வாய்விட்டே படித்தார். "யாரு அது, கால் கனமான ஆளு?"

மாமா கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சரி. ஆள்மேல தப்பில்ல," என்றார் முதலாளியம்மா. "அப்ப அண்ணாவுக்கு என்ன வண்டி வாங்கறது? ஹைபிரிட் போதுமா, இல்லையா? ஒரே வரியில சொல்லு. 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' வேண்டாம்."

டைரிக்கு ஒரே வரி பழக்கமில்லை. இருந்தாலும் முயன்றாள்.

"உங்க மாணவர்களுக்கு ஹைபிரிட்டும் பேட்டரியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் மேடம். மாமாவோட மாணவர்களுக்கு அப்படி இல்ல. ஹைபிரிட்ல பதினாறு கிலோ புகை, பேட்டரில பத்து." நிறுத்தியிருக்கலாம். மனசாட்சி விடவில்லை. "ஆனா பேட்டரி செய்யறப்பவே ஏறக்குறைய நாலு டன் புகை கூடுதலா ஆயிடும்னு வகுப்புல குடுத்த கணக்கு சொல்லுது. மாமா வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடறாரு. அந்த நாலு டன்ன ஈடுகட்ட அஞ்சரை வருஷம் ஆகும். நாலு வருஷத்துல வண்டிய மாத்தறவங்களா இருந்தா பிரயோஜனம் இல்ல."

முதலாளியம்மா தன் காரை நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுபவர். அவர் இருமினார்.

"அண்ணா, நீங்க அந்தக் கேஸ் வண்டிய எத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க?"

"பதினாறு. இன்னும் ரெண்டு வருஷம் தள்ளலாம்னு பார்த்தேன்."

"உங்களுக்கு ஒரு வண்டி குடுத்தா அது உங்ககிட்டேர்ந்து தப்பிக்கவே முடியாது." முதலாளியம்மா பேனாவை எடுத்து, அட்டவணையின் கீழே 'பேட்டரி' என்று எழுதி, கோடு போட்டார். "வர மூணு வாரம் ஆகும். அது வரைக்கும் கேஸ் வண்டியிலயே போங்க. புதுசா ஆள் தேட வேண்டாம். அந்த டாக்டர இனிமே என்கிட்ட அனுப்பாதீங்க, யாரும்."

டீச்சரக்கா எழுந்து போய்ப் பின் அறையிலிருந்து நீல மெத்தையை எடுத்து வந்து மாமாவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கித் தூசி தட்டினார். தட்ட வேண்டிய அளவு தூசி அதில் இல்லை.

"மருமகளே," என்றார், சத்தம் போடாமல். "அந்த முதல் அட்டவணைய என்ன பண்ணப் போற?"

"கிழிச்சுடறேன் மாமா."

"கிழிக்காத. எனக்குக் குடு. பதினாறு வருஷத்துல என் பேர இவ்வளவு அழகா யாரும் எழுதினதில்ல."

அவர் கேஸ் காரை நோக்கிப் போன பிறகு டைரி கதவைப் பூட்டினாள். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 17, திங்கள்.

இன்றைய தவறு: மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பதின்மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றும் கேட்கவில்லை. எண்களை மட்டும் சொன்னேன்.

நாளை செய்ய வேண்டியது: எட்டரைக்குள் சுவர் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும், திரையை அல்ல. அறிவிப்புப் பலகையில் புதிய அட்டவணையை ஒட்ட வேண்டும்; 'ஓட்டியவர்' பத்திக்குப் பக்கத்திலேயே 'நின்ற நிமிடங்கள்' என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பல் டாக்டர் வருவதற்குள் மாமாவிடம் கேட்டுவிட வேண்டும், கேஸ் காரை அவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால்.